ஆப்ரியின் பிசிறு

ஆப்ரி ஃபேன்ஷா இறந்துபோன செய்தியை வானொலியில் கேட்டதும் பெரில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதாள். பெற்ற தாய் போனபோதுகூட, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து முடித்த பிறகே அழுதவள். அவள் கணவன் வில்ஃப் ஆர்மிடேஜ் சமையலறை வாசலில் நின்று பார்த்தான். அவனுக்கும் துக்கம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் துக்கத்தை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது வேறொன்று. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்று நினைத்தான்.

பெரில் மட்டுமா அழுதாள், நாடே அழுதது. ஆப்ரி அப்படிப்பட்ட ஆள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேம்ஸ் கரையில் த்ரீ ஸ்வான்ஸ் பப்பின் பின்கூடத்தில் தன் குழுவோடு ஜாஸ் வாசிப்பான். திங்கட்கிழமை மாலை வானொலியில் நாலு பேரை எதிரே உட்காரவைத்துக் கோமாளித்தனமான கேள்விகள் கேட்பான். கேள்வியைப் படிக்கும்போது, தலையெழுத்தே என்று வேலைக்கு வந்தவன் மாதிரி ஒரு குரல். சிரிப்பின் சாயல்கூட இருக்காது. ஒன்றைச் சொல்வான், ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கும். இஸ்திரி போட்டபடி பெரிலும் சிரிப்பாள். கட்டிய மனைவி தன் சமையலறையில் நின்று இன்னொருத்தன் குரலுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பதை எந்தப் புருஷன் சகிப்பான். வில்ஃப் அந்த நேரமாகப் பார்த்துத் தோட்டத்துக்குப் போய்விடுவான், மழை பெய்தாலும்.

வானொலி ஒலிப்பதிவும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். அப்படிப்பட்ட ஞாயிறுகளில் ஆப்ரிக்குப் பதிலாகக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவன் வில்ஃப். இருபத்தாறு வருடம் வாசித்தான். பப் வாசலில் கரும்பலகையில் 'இன்று ஆப்ரி இல்லை' என்று எழுதி வைப்பார்கள். வில்ஃப் இருக்கிறான் என்று எழுத ஒருவருக்கும் தோன்றியதில்லை. தெரியாமல் உள்ளே வந்தவர்கள் மேடையைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போய், வந்ததற்கு ஒரு கிளாஸ் பியராவது குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காருவார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த இலுப்பைப்பூவுக்கும் மனசு என்று ஒன்று இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இதில் வில்ஃபின் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அவன் ஆப்ரியைவிட நன்றாக வாசிப்பவன். இது அவனே தனக்குச் சொல்லிக்கொண்டதல்ல. குழுவில் எல்லோருக்கும் தெரியும், ஆப்ரிக்கும் தெரியும். வில்ஃப் யார்க்‌ஷயரில் சுரங்கத் தொழிலாளர் பித்தளை வாத்தியக் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவன். அங்கே போட்டியில் ஒருவன் ஒரு ஸ்வரத்தைப் பிசிறடித்தால், வாரம் முழுக்கச் சுரங்கத்துக்கு அடியில் அவனோடு யாரும் பேசமாட்டார்கள். ஆப்ரியோ பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் மகன். பட்டாளத்தில் பொழுது போகாமல் டிரம்பெட்டைக் கையில் எடுத்தவன்.

ஒவ்வொரு ஞாயிறும் கச்சேரியின் கடைசிப் பாட்டு ஆப்ரி தன் நாயின் பேரில் கட்டிய 'பிஸ்கட் நடந்த வழி'. அதன் கடைசிச் சுற்றில் அவன் வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்குவான். கூட்டத்துக்கு நடுவே நடந்து, பக்கக் கதவைத் தாண்டி, கோட்டுகள் தொங்கும் நடைவழிக்குள் போய் மறைவான். அங்கிருந்து டிரம்பெட் மட்டும் கேட்கும். படிப்படியாக ஏறி, ஏறி, உச்சியில் ஒரு ஸ்வரத்தைத் தொடவேண்டிய இடத்தில் சட்டென்று பிசிறடிக்கும். ஒரு கணம் நிசப்தம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சலித்துப்போன குரல் வரும்: "மன்னிக்கணும். அடுத்த வாரம் சரியா வரும்."

கூடமே அதிரும். முப்பது வருடம் அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அதைக் கேட்கவே ஸ்காட்லாந்திலிருந்து ரயில் ஏறி வந்தார்கள். பணக்காரன் கிழிசல் போட்டால் நாகரிகம், ஏழை போட்டால் தரித்திரம். வில்ஃப் தன் முறை வரும்போது மேடையிலேயே நின்று, அந்த உச்சத்தைக் கண்ணாடி துடைத்ததுபோல் சுத்தமாகத் தொடுவான். மரியாதைக்கு நாலு கைதட்டல் கிடைக்கும்.

ஒருமுறை நார்மன் பிப்வொர்த் அவனிடம் வந்து அனுதாபத்தோடு கையைப் பிடித்துக்கொண்டார். நார்மன், ஆப்ரி மூச்சு விட்டதைக்கூட ஒலிநாடாவில் சேர்த்து வைத்திருந்தவர். எந்த ஊரில், எந்த வருடம், யார் டிரம்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் ஆர்மிடேஜ். நீங்க ரொம்ப சுத்தமா வாசிக்கிறீங்க. அதான் குறை."

"சுத்தம் ஒரு குறையா?"

"உசிரு அந்தப் பிசிறுலதான் இருக்கு. உங்களுக்கு அது புரியாது."

வில்ஃப் அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வில்ஃப் வாசித்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை தவறாமல் ஆப்ரி போன் பண்ணுவான். வணக்கம் கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது.

"என்னப்பா வில்ஃப், யாராவது என்னைத் தேடினாங்களா?"

"ஒருத்தரும் தேடல."

"பொய் சொல்றதுல நீ ரொம்ப மோசம். அதுக்குத்தான் உன்னை ரேடியோ பக்கமே விடறதில்ல." அவ்வளவுதான், வைத்துவிடுவான். வில்ஃப் ரிசீவரை அடித்து வைப்பான். பெரில், "யாரு, ஆப்ரியா? எனக்கு ஒரு வார்த்தை பேசக் குடுத்திருக்கலாமில்ல?" என்பாள். அதோடு அவனுக்குத் திங்கட்கிழமை நாசம்.

சாவுக்குப் பிறகு பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வில்ஃப் படித்தான். பெரிய மனிதர்கள் எழுதியிருந்தார்கள். 'எங்களுக்குள் இருந்த தனிப்பட்ட நெருக்கம்' என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்ததைப் பார்த்தால், அந்த மனிதன் எப்போது சாப்பிட்டான் எப்போது தூங்கினான் என்றே தெரியவில்லை. அவன் வராத ஞாயிறெல்லாம் அவன் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகு குழுவில் பியானோ வாசிக்கும் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். பெரில் வெட்டிக் கொடுத்த கேக்கைத் தொடாமல் விஷயத்துக்கு வந்தாள்.

"டிசம்பர்ல ஆப்ரிக்கு நினைவுக் கச்சேரி, வில்ஃப். நம்ம பப்புலதான். லண்டன்ல இருந்து மூணு பெரிய டிரம்பெட்காரங்க வர்றாங்க. ரேடியோ ஆளுங்க வந்து பேசுவாங்க. அவன் பேச்சையெல்லாம் ஸ்பீக்கர்ல போடப் போறோம்."

"நான்?"

"நீ இல்லாமயா? பிஸ்கட் பாட்டு, கடைசிச் சுற்று, அது உன்னுது."

வில்ஃபுக்குக் காது வரை சூடேறியது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, கூட்டம் நிரம்பிய அறையில், பெரியவர்கள் மூன்று பேருக்கும் மேலாகக் கடைசி வார்த்தை தன்னுடையது. பெரிலைத் திரும்பிப் பார்த்தான். கேட்டாயா என்று பார்த்தான்.

"மேடையில அவங்க மூணு பேரும் நிப்பாங்க," என்றாள் ஸ்டெல்லா. "கடைசிச் சுற்று வந்ததும் எல்லாரும் நிறுத்திடுவோம். நீ நடைவழியில இருந்து வாசிக்கணும், அவன் நிப்பானே அந்த இடத்துல. கதவு பாதி சாத்தியிருக்கும்."

"கதவுக்குப் பின்னாலயா?"

"அவனே வாசிக்கிற மாதிரி கேக்கணும். அதுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

"பேரு போடுவீங்கல்ல?"

ஸ்டெல்லா கேக்கை இப்போது பார்த்தாள். "பேரு போட்டா அந்த மாயம் கெட்டுப்போயிடும், வில்ஃப். இன்னொண்ணு. அந்தப் பிசிறு வேணும்."

"வேணும்னே பிசிறடிக்கச் சொல்றியா?"

"அது இல்லாம அது ஆப்ரி இல்லயே."

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இவன் செத்தும் பிடுங்குகிறான் என்று வில்ஃப் நினைத்தான். ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மேடைக்காரனுக்கு மேடை ஆசை விடாது, அது கோட்டு மாட்டும் இடமாக இருந்தாலும்.

ஸ்டெல்லா போனதும் பெரில் தட்டை எடுத்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளையும் நீதான், சாவு வீட்டுல பொணமும் நீதான்னா எப்படி வில்ஃப்? இது அவரோட நாளு."

"நான் பொணமா இருக்கணும்னு கேக்கல. கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கணும்னுதான் கேக்கறேன்."

பெரில் தொடாத கேக்கைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது; அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கார் ஷெட்டில் நின்று பிசிறடிக்கப் பழகினான். வாழ்நாள் முழுக்கத் தவறு செய்யாமல் இருக்கப் பழகிய உதட்டைத் தவறு செய் என்றால் அது கேட்குமா. முதலில் சுத்தமாகவே வந்தது. வலிந்து கெடுத்தால், வாத்து மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் ஒரு சத்தம். இந்தச் சனியன் அவனுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தான். பிசிறைக்கூட ஆப்ரி தன்னைவிட நன்றாக வாசித்திருக்கிறான் என்று புரிந்தபோது டிரம்பெட்டைப் பழைய சோபாவில் வீசினான். கடைசியில் ஒருவழியாகப் பிடிபட்டது. ஏறக்குறைய ஆப்ரி மாதிரியே இருந்தது. வில்ஃபுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அந்த ஞாயிறு த்ரீ ஸ்வான்ஸில் நிற்க இடமில்லை. வில்ஃப் நடைவழியில் ஈரக் கோட்டுகளுக்கும் பியர் பீப்பாய்களுக்கும் நடுவே நின்றான். சமையலறையிலிருந்து மாட்டிறைச்சி வறுபடும் வாசனை வந்தது. பரிமாறும் பெண்கள் தட்டுகளோடு போகும்போது, "கொஞ்சம் தள்ளிக்கங்க தாத்தா," என்றார்கள். தள்ளிக்கொண்டான்.

கதவிடுக்கில் எல்லாம் கேட்டது. லண்டன் ஆட்கள் மூவரும் ஆளுக்கொன்றாய் வெளுத்து வாங்கினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. இடையிடையே ஸ்பீக்கரில் ஆப்ரியின் குரல்: "அடுத்த சுற்றுக்கு விதிமுறைகள் உண்டு. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தேவையில்ல." செத்தவன் குரலுக்குக் கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பெரிலின் சிரிப்பை மட்டும் வில்ஃபால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது.

பிஸ்கட் பாட்டு தொடங்கியது. கடைசிச் சுற்றுக்கு முன் எல்லா வாத்தியங்களும் நின்றன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வில்ஃப் டிரம்பெட்டை உயர்த்தினான்.

ஆப்ரி மாதிரியேதான் வாசித்தான். அந்த இழுப்பு, சோம்பேறித்தனமாக அரை அடி பின்தங்கி வரும் அந்த நடை, எல்லாம் கைவசம் இருந்தது. இவ்வளவு நுணுக்கமாக ஒருத்தனைக் கவனிக்க வேண்டுமென்றால் ஒன்று காதல் வேண்டும், இல்லை பொறாமை வேண்டும். ஏறினான், இன்னும் ஏறினான். உச்சிக்கு முந்தைய படியில், பழகிய பிசிறுக்காக உதடு தயாராக இருந்தது.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இந்த ஜனங்கள் என்னைக் கேட்கட்டும் என்று நினைத்தான்.

உச்சம் சுத்தமாக விழுந்தது. அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியிருப்பார், அப்படி விழுந்தது. மூச்சு இருக்கும்வரை பிடித்து, தானாகக் கரையவிட்டான்.

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். 'அடுத்த வாரம் சரியா வரும்' என்ற குரலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. பிறகு ஒரு சத்தம் எழுந்தது. இருபத்தாறு வருடத்தில் வில்ஃப் கேட்காத சத்தம் அது. அழுகையும் கூச்சலும் கால்களைத் தரையில் அடிப்பதுமாகக் கட்டடமே ஆடியது. வில்ஃப் சுவரில் சாய்ந்தான். வந்துவிட்டது, எனக்கும் ஒரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிரம்பெட்டும் கையுமாக, கச்சேரி முடிந்து கூட்டம் திரண்ட பாருக்குள் போனான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆப்ரிக்காக வாத்தியக்காரர்கள் பலரும் வந்திருந்ததால், அன்று அந்தப் பப்பில் டிரம்பெட் இல்லாத ஆள்தான் அபூர்வம்.

நார்மன் பிப்வொர்த் பார் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு சிவந்து, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. வில்ஃபைப் பார்த்ததும் சட்டையைப் பற்றினார்.

"கேட்டீங்களா மிஸ்டர் ஆர்மிடேஜ்? கேட்டீங்களா அதை?"

"கேட்டேன்," என்றான் வில்ஃப்.

"எந்த டேப்பு அது? என்கிட்ட இல்லாத டேப்பு. சத்தியமாச் சொல்றேன், அறுபத்து மூணு, ஹல் நகரம். அந்த வருஷத்து ஒலிப்பதிவை வெளியிடவே இல்ல. கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. எத்தனை சுத்தம், எத்தனை உசிரு!"

"டேப்பா?"

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நார்மன் எல்லோர் பக்கமும் திரும்பினார். "என்ன மனுஷன் பாருங்க. அவரால அதைத் தொட முடிஞ்சிருக்கு. எப்பவும் முடிஞ்சிருக்கு. நமக்காக, நாம சிரிக்கணும்னு, வேணும்னே தோத்துக்கிட்டே இருந்திருக்கார். இத்தனை வருஷம். நான் அது தெரியாம இருந்திருக்கேன்."

ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வில்ஃபின் கண் முன்னாலேயே, வில்ஃபின் மூச்சிலேயே, ஆப்ரி ஃபேன்ஷா இன்னும் ஒரு முழம் வளர்ந்தான். அதற்கு மேல் வில்ஃபால் பொறுக்க முடியவில்லை.

"டேப்பும் இல்ல, ஹல்லும் இல்ல," என்றான். உணர்ச்சி எல்லாம் வற்றிப்போயிருந்ததால் குரல் தட்டையாக, சலிப்பாக வந்தது. "அது நான். அங்க கோட்டுக்குப் பின்னால நின்னு வாசிச்சேன்."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாரே வெடித்துச் சிரித்தது. பியர் ஊற்றிக்கொண்டிருந்தவன் குழாயை மூட மறந்தான். கைக்குட்டைப் பெண் வில்ஃபின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். நார்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியே ஆப்ரி சொல்ற மாதிரியே சொல்றீங்க, மிஸ்டர் ஆர்மிடேஜ். அந்த மூஞ்சிகூட அப்படியே. இது உங்களுக்கு வரும்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே."

வில்ஃப் சிரிக்காமல் நின்றான். அவன் சிரிக்காததைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவன் சொன்னதற்கு ஒரு கூட்டம் சிரிப்பது அதுவே முதல் தடவை. அவர்களுக்குப் பின்னால் பெரில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவனையும் அவன் கையிலிருந்த டிரம்பெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முழங்கையைத் தொட்டாள். "சொன்னபடி செய்யல நீ."

"செய்யல."

"நான் வேணா எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

வில்ஃப் நார்மனைப் பார்த்தான். அந்த டேப் எங்கே கிடைக்கும், யாருக்கு எழுதிக் கேட்கலாம் என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

"விடு," என்றான். "சாகுற வரைக்கும் தேடட்டும்."

வீடு திரும்பும்போது பஸ்ஸில் பெரில் டிரம்பெட்டைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில், "எனக்குத் தெரிஞ்சது," என்றாள்.

"என்ன தெரிஞ்சது?"

"நீதான்னு. முதல் மூச்சுலயே. உன் மூச்சு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் அழுதேன்."

"ஆப்ரிக்காக அழுதியோன்னு பாத்தேன்."

"அவருக்கும்தான். கொஞ்சம்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் 'கொஞ்சம்' வில்ஃபுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலை டீயை எடுத்துக்கொண்டு வில்ஃப் கூடத்தில் போன் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எதற்கு அங்கே உட்கார்ந்தோம் என்பது டீ பாதி ஆறிய பிறகே அவனுக்கு உறைத்தது. சொல்வதற்கு எவ்வளவு இருந்தது. உன் பேரில் நான் அடித்த உச்சத்தைக் கேட்டு ஊரே அழுதது. உன் குரலில் நான் சொன்ன உண்மைக்கு ஊரே சிரித்தது. நார்மன் இல்லாத டேப்பைத் தேடிக்கொண்டு ஹல்லுக்குப் போகப் போகிறான். இதைக் கேட்டு அடக்க முடியாமல் சிரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் பேசிய ரிசீவரைத்தான் இருபத்தாறு வருடம் அடித்து வைத்தான் வில்ஃப்.

"யாரு போன் பண்ணப் போறா, அங்க உக்காந்திருக்க?" என்று பெரில் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"யாரும் இல்ல."

அவள் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தான். பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"தேடினாங்கப்பா," என்றான் மெல்ல. "எல்லாரும் தேடினாங்க. நானுந்தான்."